மிட்டாய் பேப்பரும் சாட்சிதான் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹிட்லர் காலத்து முகாம்கள்ல இருந்து தப்பிச்சவங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு. அவங்களும் போயிட்டா அடுத்த தலைமுறை யூதப் பசங்களுக்கு இதையெல்லாம் யாரு சார் சொல்லுவா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கவலை, சாகப்போறோம்னு தெரிஞ்சவங்களுக்கே அப்பவே வந்துடுச்சும்மா. போலந்துல வார்சா கெட்டோ, அதாவது யூதர்களைச் சுவர் கட்டி நாஜிக்கள் அடைச்சு வச்ச இடம், அங்க எமானுவேல் ரிங்கல்ப்ளூம்னு ஒரு வரலாற்று ஆசிரியர் இருந்தாரு, அவரும் ஒரு அறுபது பேரும் ரகசியமா சேர்ந்து டைரி, ரேஷன் கார்டு, நோட்டீஸ், சின்னப் பசங்க எழுதின கட்டுரை, டிராம் டிக்கெட், மிட்டாய் சுத்தின பேப்பர் வரைக்கும் சேர்த்தாங்க. அப்புறம் 1942லயும் 43லயும் தகரப் பெட்டி, பால் கேன்ல எல்லாம் போட்டுப் புதைச்சிட்டாங்க. ரிங்கல்ப்ளூமை 1944ல குடும்பத்தோட சுட்டுட்டாங்க. குழுவுல போர் முடியறப்ப உயிரோட இருந்தது மூணே பேர். அதுல ஒருத்தங்க ரேச்சல் அவர்பாக், தோண்டியே ஆகணும்னு விடாம நச்சரிச்சவங்க. 1946ல பெட்டிங்க கிடைச்சுது, 1950ல ரெண்டு பால் கேன், மொத்தம் சுமார் 35,000 பக்கம். இன்னொரு பங்கு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. அவர்பாக்தான் பின்னாடி ஜெருசலேம்ல யாத் வஷேம் நினைவகத்துல சாட்சியங்கள் சேகரிக்கிற பிரிவை ஆரம்பிச்சு வச்சாங்க.

என்னைக் கேட்டா, 60 லட்சம் யூதர்களைக் கொன்னாங்கன்னு சொன்னா எந்தப் பையன் மனசுலயும் நிக்காது, மிட்டாய் பேப்பர் நிக்கும். எப்படிச் செத்தாங்கன்னு மட்டுமே சொல்லிக்கிட்டிருந்தா பிள்ளைங்க பயந்து ஒதுங்கிடும். ரகசியமா பள்ளிக்கூடம் நடத்தினது, சுவர் ஓட்டை வழியா குட்டிப் பசங்க உருளைக்கிழங்கு கடத்தினது, அந்தப் பட்டினியிலயும் ஜோக் அடிச்சது, இதையெல்லாம் சேர்த்துச் சொல்லணும். ரிங்கல்ப்ளூம் குழு எழுதி வச்சதும் அதைத்தானே.

கேள்வி: இஸ்ரேல்ல சைரன் ஊதினா ரோட்ல கார் எல்லாம் நின்னுடுமாமே, நெஜமா?
– வாசகர், சேலம்

பதில்: நெஜம்தான். யோம் ஹஷோவா, அதாவது நாஜிக்கள் கொன்ன யூதர்களை நினைக்கிற நாள், அன்னிக்குக் காலை 10 மணிக்கு ரெண்டு நிமிஷம். ஹைவேயில கூட வண்டியை நிறுத்திட்டு இறங்கி நிப்பாங்க. எல்லாருமான்னா இல்ல, தீவிர மதப்பற்று உள்ள சிலர் நிக்க மாட்டாங்க, அது அங்க வருஷா வருஷம் வர்ற சண்டை.

கேள்வி: இனி ஏஐ வச்சே எல்லாத்தையும் சொல்லிடலாம் போல?
– வாசகர், கோவை

பதில்: ரெண்டு விதம் இருக்கு தம்பி. பின்காஸ் குட்டர்னு முகாம்ல இருந்து பிழைச்ச பெரியவர், ஆயிரம் கேள்விக்கு மேல கேமரா முன்னாடி உக்காந்து பதில் சொல்லி வச்சிருக்காரு, பசங்க கேட்டா அதுக்குப் பொருத்தமான பதிலைக் கம்ப்யூட்டர் தேடி எடுத்துப் போடும், ஆனா பேசறது அவரேதான், அதனால ஓகே. ஆனா ஃபேஸ்புக்ல ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்ல இறந்த குழந்தைன்னு ஏஐ படம் போட்டு லைக் வாங்குறானுங்களே, அதை அங்க இருக்கிற மியூசியமே கண்டிச்சிருக்கு. இந்தப் படுகொலை நடக்கவே இல்லன்னு சாதிக்கிற கும்பலுக்கு, பாரு இதுவும் போலின்னு காட்ட நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். ஷேர் பண்ணாதீங்க. கொல்லப்பட்டவங்க நிஜப் பேரு வேணும்னா யாத் வஷேம் தளத்துல 45 லட்சத்துக்கு மேல இருக்கு, ஊர் பேரைப் போட்டே தேடலாம்.