சொல்வதெழுதுதலும் வயிற்றுவலியும்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 4 கற்பிக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சொல்வதெழுதுதல் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே மூன்று நான்கு பிள்ளைகள்தாம் முழுப் புள்ளி எடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு ல, ள, ழ குழப்பம். ர, ற குழப்பம். பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுத வைத்தும் பயனில்லை. பிறகு, பிழைவிட்டவர் உட்கார்ந்துவிட வேண்டும் என்று போட்டியாக நடத்தினேன். இப்போது ஒரு பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வந்தாலே வயிற்றுவலி வருகிறது. எழுத்துப்பிழையை விளையாட்டாகத் திருத்த வழி உண்டா? அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது விளையாட்டு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் போட்டியை நிறுத்திவிடுங்கள். முதல் சொல்லிலேயே பிழைவிட்ட பிள்ளை மீதி நேரமெல்லாம் சும்மா இருக்கிறது. கடைசிவரை எழுதிக்கொண்டிருப்பது ஏற்கெனவே தெரிந்த பிள்ளை. அமெரிக்காவில் 1925இல் தேசிய அளவில் தொடங்கிய ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டியின் முறை இது. ஆங்கிலத்தில் ஒலி ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் போவதால் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் வேண்டியிருக்கிறது. தமிழில் பிழை வரும் இடங்கள் சிலதான். அவற்றைச் சுற்றியே விளையாட்டை அமையுங்கள். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழுதட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஊமை நடிப்பு. ஒரு பிள்ளை கிடுகு வேய்வதாக நடிக்கட்டும்; எல்லோரும் சிலேட்டில் 'கூரை' என்று எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். அடுத்த பிள்ளை மணமகளுக்குச் சேலை கொடுப்பதாக நடித்தால் 'கூறை'. தூண்டிலில் சிக்கித் துள்ளுவது 'பாரை', ஏறி நின்று கடலைப் பார்ப்பது 'பாறை'. சிலேட்டு இல்லையென்றால் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். இங்கே காதை மட்டும் நம்பிப் பயனில்லை. வாழைப்பழத்தைப் பேச்சில் வாளைப்பளம் என்றே பலரும் சொல்கிறோம். அந்தப் பிள்ளை கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. எந்த எழுத்து என்பதைப் பொருள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். நடிப்பில் பொருள் கண்முன்னே நிற்கிறது. சொற்களைப் பிள்ளைகளின் ஊரிலிருந்தே எடுங்கள். வாவியில் பிடிக்கும் இறாலுக்கு ற, குளத்தில் பிடிக்கும் விராலுக்கு ர. வயலில் நடப்பது அறுவடை, வீட்டுக்கு வருவது அரிசி.

இரண்டாவது, பிள்ளைகளே எழுத்தாக நிற்கும் ஆட்டம். ங், ஞ், ண், ந், ம், ன் என்று ஆறு அட்டைகள். க, ச, ட, த, ப, ற என்று இன்னும் ஆறு. ஒவ்வொருவரும் ஓடித் தன் இணையைப் பிடிக்க வேண்டும்: சங்கு, மஞ்சள், நண்டு, சந்தை, பாம்பு, கன்று. டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், றகரத்துக்கு முன் ன் என்பதை ஓடிப் பிடித்தே கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு 'நன்டு' என்று எழுதக் கை தயங்கும். இதே ஆட்டத்தில் 'முயற்சி' என்ற சொல்லையும் நிறுத்துங்கள். ற் அட்டைக்கும் சி அட்டைக்கும் நடுவே ச் அட்டைக்காரர் புகப் பார்க்கட்டும். வகுப்பே கூச்சலிட்டு அவரை வெளியேற்றட்டும். ற், ட் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து நிற்காது. பயிற்சி, காட்சி, கற்க எல்லாம் இதில் அடங்கிவிடும். பதாகைகளில் 'முயற்ச்சி'யைக் கண்டு கண்டு எனக்கு ஆற்றாமை வந்துவிட்டது. அதை எழுதிய பெரியவர்கள் யாரும் சிறு வயதில் இப்படிக் கூச்சலிட்டிருக்க மாட்டார்கள்.

பஸ் ஆட்டமும் நல்லது. கதிரைகளை வரிசையாகப் போட்டால் பஸ் ஆயிற்று. நடத்துனர் தெற்கே போகும் வழியில் கல்லடி, ஆரையம்பதி, தாழங்குடா, களுதாவளை, பாண்டிருப்பு, கல்முனை என்று கூவ, பிள்ளைகள் தாங்கள் இறங்கும் ஊரை டிக்கெட்டில் எழுதிக் கொடுத்து இறங்க வேண்டும். பிழை இருந்தால் நடத்துனரே திருத்திக் கொடுப்பார். பயணி அதைப் பார்த்து மீண்டும் எழுதி இறங்கலாம். யாரும் பஸ்ஸிலேயே தங்கிவிடக் கூடாது. மறுநாள் வடக்கே போங்கள்: ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, வாழைச்சேனை. களுவாஞ்சிக்குடி, களுவாஞ்சிகுடி என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அந்த ஒற்று வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளைகள் வாதாடட்டும். தரம் 4இல் புணர்ச்சி விதி தெரியாவிட்டால் என்ன, ஒற்றைப் பற்றி ஒரு வாதம் நடந்தாலே எனக்கு மகிழ்ச்சி.

பிழையான சொற்களைக் கரும்பலகையில் எழுதித் திருத்தச் சொல்லும் பயிற்சியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உறுதியில்லாத பிள்ளையின் கண்ணில் பிழையான வடிவமும் தங்கிவிடும். சரியான வடிவத்தையே திரும்பத் திரும்பக் காட்டுங்கள்.

சொல்வதெழுதுதலை விட்டுவிட வேண்டாம். வாரம் முழுவதும் விளையாடிய சொற்களையே வெள்ளிக்கிழமை சொல்லுங்கள். இரண்டு பேராக அமர்ந்து தாங்களே திருத்தட்டும். புள்ளியை உரக்க வாசிக்காதீர்கள். பிழைத்தவற்றில் மூன்று சொற்களை மட்டும் அடுத்த வாரத்துக்கென்று கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். வயிற்றுவலி வரும் அந்தப் பிள்ளையை முதல் வாரம் நடத்துனராக்குங்கள். ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், பார்த்துத் திருத்துவது அவளுக்குக் கடினமாக இராது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பெற்றோருக்கு விளக்கம் சொல்வதைவிட, ஒருநாள் பாடசாலைக்கு அழைத்து அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். அவர்களும் டிக்கெட் எழுதித்தான் இறங்க வேண்டும்.