வெள்ளை நூலைப் பார்த்ததும் புட்டியைத் திறக்காதீர்கள்

கேள்வி: ஐயா, 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பவளங்கள், நத்தைகள், இரண்டு கோமாளி மீன்கள், இரண்டு மாதம் முன்பு வாங்கி விட்ட மஞ்சள் டாங் என்ற பாசி தின்னும் மீன் ஒன்று. மூன்று வாரமாக டாங் மெலிந்துகொண்டே வருகிறது. தீனி போட்டால் ஓடி வந்து தின்கிறது, ஆனால் மலம் வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது. கடைக்காரர் 'உள்ளே இருக்கும் எல்லா ஒட்டுண்ணிக்கும்' என்று ஒரு புட்டி கொடுத்தார். தொட்டியிலேயே இரண்டு முறை ஊற்றினேன். மீனில் மாற்றமில்லை. பாறையில் இருந்த விசிறிப் புழுக்கள்தான் குழலை விட்டு வெளியே வந்து செத்தன. அளவை இரட்டிப்பாக்கலாமா? கோமாளி மீன்களுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? தினமும் இரவு ஒருவேளை உருண்டைத் தீனி போடுகிறேன்.

பதில்: வேண்டாம் தம்பி. இரட்டிப்பாக்கவும் வேண்டாம், அதே அளவில் மூன்றாம் முறை ஊற்றவும் வேண்டாம். புழு மருந்து புழுவைக் கொல்லும். உங்கள் விசிறிப் புழுவும் புழுதான். இன்றைக்கே தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள், மருந்தை உறிஞ்சும் புது கார்பன் போடுங்கள், அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை ஓட விடுங்கள், செத்த புழுக்களைப் பொறுக்கி எடுங்கள், நாளைக்கு அம்மோனியா பாருங்கள். பெரிய தொட்டிக்கான வைத்தியம் இவ்வளவுதான். இனி எந்த மருந்தும் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி. இரவு ஒருவேளை உருண்டைத் தீனி. டாங் என்பது தண்ணீருக்குள் மேயும் ஆடு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பாறையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பாசி தின்று பழகிய நீளமான குடல் அதற்கு. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி போட்டு ராத்திரி ஒரு பிடி உருண்டையைக் கொட்டினால் ஓடி வந்து தின்னத்தான் செய்யும். அதைப் பார்த்து 'நன்றாகத் தின்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். பசித்த மீன் அப்படித்தான் தின்னும்.

வெற்றுக் குடலிலிருந்து வெளியே வருவது என்ன? குடல் சுவரின் சளி. அது வெள்ளையாக, நூலாக, அறுந்து விழாமல் தொங்கும். ஒட்டுண்ணி இருந்தாலும் அதே சளி, அதே நூல். நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது, உங்கள் கடைக்காரராலும் முடியாது. ஆகவே நாளை காலையிலிருந்து கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தொட்டியில் வையுங்கள். தீர்ந்ததும் மறுபடி வையுங்கள். பகலில் மூன்று நான்கு தடவை மீன் அதைக் கடிக்க வேண்டும். ஒரு வாரத்தில் மலம் பச்சையாக, உதிர்ந்து விழத் தொடங்கினால் உங்கள் மீனுக்கு ஒட்டுண்ணி பெரிய பிரச்சினையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு வாரத்தில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஒரு மைக்ரோஸ்கோப் தேடுங்கள். இதை நான் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறார்கள். பவளத்துக்கு விளக்கு, அலைக்கு மோட்டார், உப்பு அளக்கக் கருவி என்று எல்லாம் வாங்கியவருக்கு மைக்ரோஸ்கோப் மட்டும் ஆடம்பரமாகத் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். 100 மடங்கும் 400 மடங்கும் பெருக்கிக் காட்டினால் சரி. சொந்தமாக வேண்டாம் என்றால் யாரிடமாவது அரை மணி நேரம் இரவல் வாங்குங்கள்.

மீன் மலம் கழித்த உடனே பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். மணலில் கிடப்பது உதவாது. அதில் தொட்டியில் திரியும் நுண்ணுயிரெல்லாம் ஏறி விளையாடிக்கொண்டிருக்கும், அவற்றைப் பார்த்துப் பயந்து மருந்துக்கு ஓடுவீர்கள். குன்றிமணியில் பாதி அளவு போதும். ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் கண்ணாடியால் மெல்ல அழுத்துங்கள். அந்தச் சொட்டு அதே தொட்டியின் உப்புத் தண்ணீராக இருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒருவருக்காக நான் குழாய்த் தண்ணீர் விட்டுப் பார்த்து, 'ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல தண்ணீர் பட்டால் கடல் ஒற்றைச் செல் உயிர்கள் உப்பி வெடித்துவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. அவருடைய மீன் பத்து நாளில் போய்விட்டது.

முதலில் 100 மடங்கில் மேயுங்கள். பாசித் துணுக்கு, இறால் காலின் துண்டு, மணல் எல்லாம் தெரியும். நடுவே ஒரே அளவில், ஓரம் தெளிவாக, ஓட்டோடு கூடிய நீள்வட்டங்கள் இருந்தால் அவை புழு முட்டைகள். இரு முனையிலும் தக்கை அடைத்த மாதிரி இருந்தால் கேபில்லேரியா என்ற உருளைப்புழு. ஒருமுறை பார்த்தால் மறக்காது. பிறகு 400 மடங்குக்குப் போங்கள். புள்ளி புள்ளியாக, நீர்த்துளி வடிவில், குறுக்கும் நெடுக்கும் விருட்டென்று பாய்பவை சாட்டைவால் உயிர்கள், அதாவது சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள். சும்மா நடுங்குகிற புள்ளிகள் பாக்டீரியாவும் தூசியும், அவற்றை விட்டுவிடுங்கள். இதையெல்லாம் மலம் எடுத்த சில நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். சாட்டைவால் உயிர் ஓட்டத்தை நிறுத்திவிட்டால் அதற்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு ஸ்லைடில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு பாருங்கள். முட்டை தினமும் விழாது.

டாங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செத்த பழுப்பு டாங் ஒன்றின் குடலை முதன்முதலில் திறந்தபோது, சுருட்டு மாதிரி பெரிய உருவங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்து, 'ஆஹா, கொன்றவன் இவன்தான்' என்று முடிவு கட்டினேன். அவை எபுலோபிசியம். செங்கடல் டாங்குகளின் குடலில் இருப்பதாக 1985-ல் எழுதினார்கள். அப்போது அதன் பெருத்த உடம்பைப் பார்த்து பாக்டீரியா என்று யாரும் நினைக்கவில்லை. 1993-ல்தான் அது பாக்டீரியா என்று உறுதியானது. சில, அரை மில்லிமீட்டரையும் தாண்டும், வெறும் கண்ணுக்கே தெரியும். பாசி தின்னும் டாங்குகளின் குடலில் குடித்தனம் நடத்துபவை அவை, ஒட்டுண்ணி அல்ல. சாட்டைவால் உயிருக்குக் கொடுக்கும் மருந்தான மெட்ரோனிடசோல் அதை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை; காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் மேலும் கை வைக்கும். தேவையில்லாமல் அதைக் கொடுத்தால் மெலிந்த மீனின் குடலில் இருக்கும் நல்லதையும் சேர்த்துக் கழுவி விடுகிறீர்கள். நான் ஸ்லைடு ஸ்லைடு என்று அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஸ்லைடில் ஏதோ தெரிந்துவிட்டது. சாட்டைவால் உயிர் என்றால் மெட்ரோனிடசோல். ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம், தொடர்ந்து ஐந்து நாள். 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 25 கிராம் தீனிக்கு வரும். உருளைப்புழு என்றால் அது உதவாது, ஃபென்பெண்டசோல் வேண்டும். ஒரு கிராம் தீனிக்கு இரண்டரை மில்லிகிராம், மூன்று நாள் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று. முட்டையிலிருந்து பிறகு வருவதைப் பிடிக்கத்தான் இரண்டாவது சுற்று. முதல் சுற்றிலேயே மீன் தேறிவிட்டது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாடாப்புழு போன்ற தட்டைப்புழுக்களுக்கு பிராசிகுவான்டல். அது உருளைப்புழுவை ஒன்றும் செய்யாது. ஆக மூன்று எதிரிக்கு மூன்று மருந்து. 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்று புட்டியில் எழுதி, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் என்று எழுதாமல் விற்பவரிடம் நான் உப்புகூட வாங்க மாட்டேன். உங்கள் கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் 'மருந்து கொடுங்கள்' என்று கேட்டீர்கள், அவர் அலமாரியில் இருந்ததைக் கொடுத்தார். மலத்தைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது, இருமலைக் காதால் கேட்டே காசநோய்க்கு மாத்திரை எழுதுவது மாதிரி.

மருந்து வாய் வழியாகப் போக வேண்டும். ஒட்டுண்ணி குடலுக்குள் இருக்கிறது. 400 லிட்டர் தண்ணீருக்கு ஏன் வைத்தியம் பார்க்கிறீர்கள்? கரைத்த ஜெலட்டின் வெதுவெதுப்பாக ஆறியதும் மருந்துப் பொடியைக் கலந்து, நீர் வடித்த மைசிஸ் இறாலையும் அரைத்த கடற்பாசியையும் அதில் பிசைந்து, தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பிக் குளிரவைத்து வெட்டிக்கொள்ளுங்கள். ஜெலட்டின் இல்லாமல் தூவினால் மருந்து மீன் வாய்க்குப் போவதற்குள் தண்ணீரில் போய்விடும். ஃபென்பெண்டசோல் சிந்தினால் நத்தைக்கும் குழல் புழுவுக்கும் ஆகாது. அதனால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போதும். மெட்ரோனிடசோல் கசக்கும், மீன் துப்பினால் பூண்டுச் சாறு ஒரு சொட்டு விடலாம். பூண்டின் வேலை அவ்வளவுதான். பூண்டு புழுவைக் கொல்லும் என்பது வெறும் பேச்சு.

மீன் தின்பதையே நிறுத்திவிட்டால் மட்டும் தண்ணீரில் மருந்து, அதுவும் தனித் தொட்டியில். கடல் மீனுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சுற்றியுள்ள உப்பு அதன் உடம்பு நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் அது கடல் நீரைக் குடித்தாக வேண்டும்; நல்ல தண்ணீர் மீன் அப்படிக் குடிக்காது. குடிக்கும் நீரோடு கொஞ்சம் மருந்தும் குடலுக்குப் போகும். மெட்ரோனிடசோல் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம், தினமும், ஐந்து நாள், நடுநடுவே தண்ணீர் மாற்றி. பிராசிகுவான்டல் லிட்டருக்கு 2 மில்லிகிராம். தண்ணீரில் எளிதில் கரையாது, ஆக்சிஜனும் குறையும், ஏர் ஸ்டோனை நிறுத்தாதீர்கள். மெட்ரோனிடசோல் உணவுக்கு வளர்க்கும் மீனுக்குக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. நாள் முழுக்கத் தீனி கொடுத்தும், மூன்று ஸ்லைடு சுத்தமாக இருந்தும், மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் சதை குழிந்துகொண்டே போகிறது என்றால் மீன் காசநோயை நினைக்க வேண்டும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியாவால் வருவது. அதற்கு மருந்து தேடி அலைவதில் பயனில்லை. கையில் கீறல் இருந்தால் அந்தத் தண்ணீரில் கை விடாதீர்கள்; நம் தோலிலும் ஆறாத கட்டியாகப் பிடிக்கும். கையுறை போடுங்கள்.

அடுத்த டாங் வாங்கும்போது, கடையில் அது தின்பதை நின்று பாருங்கள், மலத்தையும் பாருங்கள், பிறகு நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். மஞ்சள் டாங்கை ஹவாயில் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-ல் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டிவிட்டது. அப்படி வளர்ந்த குஞ்சு கிடைத்தால் அதையே எடுங்கள். கடலில் பிடித்த மீன் கொண்டுவரும் புழு மூட்டை அதனிடம் பெரும்பாலும் இருக்காது.

கோமாளி மீன்கள் பற்றிக் கேட்டீர்கள். நாடாப்புழு என்றால் கவலை வேண்டாம். அதன் முட்டை முதலில் ஏதாவது சிறு இறால் வகைக்குள் போக வேண்டும், பல வகைகளுக்குக் கடைசியில் சுறாவோ கடற்பறவையோ வேண்டும், உங்கள் தொட்டியில் அந்தச் சங்கிலி முழுசாக ஓடாது. சாட்டைவால் உயிர் என்றால் மலம் வழியாக நேரே தொற்றும். ஆனால் இரண்டும் கொழுகொழுவென்று இருந்து, மலமும் தீனி நிறத்தில் விழுந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். எதிலாவது வெள்ளை நூல் தெரிந்தால் பிப்பெட்டை எடுங்கள்.