உயர்த்தும் முன் எடை போடுங்கள்

கேள்வி: ஏழு வருடமாக ஓட்டிவரும் ஐந்து சீட் எஸ்யூவி, ஆல் வீல் டிரைவ். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று எல்லாரும் ஏறும் வண்டி. அதையே கரடுமுரடான மண் தடத்துக்கும் தயார் செய்யலாம் என்று ஆசை. சனி ஞாயிறுகளில் நானும் மகனும் வீட்டிலேயே வேலை பார்க்கப் போகிறோம். வண்டியை உயர்த்த ஸ்பிரிங்கோடு வைக்கும் 50 மி.மீ. ஸ்பேசர், இரும்பு பம்பர், கூரை கேரியர், கடைசியாக டயர். இந்த வரிசை சரியா?

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது. ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள்.

வண்டியின் ஆவணங்களில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை, மற்றது ஆளும் சாமானும் ஏறிய பிறகும் தாண்டக் கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. உங்கள் வண்டிக்கு 1,650 கிலோ, 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் 450. பெரியவர்கள் மூவருக்கு 210, பிள்ளைகள் இருவருக்கு 80 போனால் மீதி 160. இரும்பு பம்பருக்கு 45, நீங்கள் சொல்லாவிட்டாலும் இன்ஜினின் அடியைக் காக்க வேண்டிய அடித்தகடுக்கு 20, கேரியருக்கு 25, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து கனமான டயர்களால் கூடுவது 20. ஆக 110 போயிற்று. மிச்சமிருக்கும் 50 கிலோவுக்குள் தண்ணீர் கேன், கருவிப் பெட்டி, துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. பிரேக்கும் ஸ்பிரிங்கும் அந்த மொத்த எடையை வைத்துக் கணக்கிடப்பட்டவை. நண்பர்கள் இரண்டு பேர் மட்டும் போகும் வண்டி என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். இது உங்கள் அம்மா பின்சீட்டில் உட்காரும் வண்டி.

அதனால் பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது இரும்பு பம்பர்தான். எடை ஒரு காரணம். இன்னொன்று, மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்கென்றே முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்பதும் அந்த நசுங்கலை ஒட்டியே அமைக்கப்பட்டது. அங்கே ஒரு தூணைக் கொண்டுபோய் வைத்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

அடுத்தது ஸ்பேசர். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் என் வண்டிக்கு நீங்கள் சொல்லும் அதே 50 மி.மீ. போட்டேன். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் முன்பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ரிம்மின் உட்புறமெல்லாம் கிரீஸ். சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, மண் உள்ளே போய், ஜாயின்ட்டே தேய்ந்துவிட்டது. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் உடலை உயர்த்தினால், இன்ஜின் பக்கத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் எப்போதும் அதிகச் சாய்விலேயே சுழலும். கூடவே அலைன்மென்ட் மாறுகிறது, பிரேக் ஹோஸ் இழுபடுகிறது, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது, வளைவில் வண்டி சாய்கிறது. சக்கரம் கீழே இறங்க இருந்த தூரத்தையும் அந்த ஸ்பேசரே தின்றுவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குவது அதனால்தான். உங்களுக்கு 20 முதல் 30 மி.மீ. போதும். அதையும் உங்கள் வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஜோடியாகப் போடுங்கள். போட்ட கையோடு அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் சரிபார்க்க வேண்டும். பதிவுக்கும் காப்பீட்டுக்கும் இந்த மாற்றங்கள் செல்லுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதில் தொடங்குவது என்றால், காற்றில். ஒரு நல்ல பிரஷர் கேஜும், பேட்டரியில் நேரடியாக மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் வாங்குங்கள். சாலையில் 33 பி.எஸ்.ஐ. என்றால் கல் தடத்தில் 25, மணலில் 18 வரை இறக்கலாம். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் படிந்து தரையைப் பிடிக்கும், கல்லின் மேல் குதிக்காமல் அதை உள்வாங்கிக்கொள்ளும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறுபடி நிரப்பாமல் வேகம் எடுக்காதீர்கள், டயர் சூடேறி வெடிக்கும். எந்தக் கடையில் விற்கும் எந்தப் பாகமும் இந்த ஒரு பழக்கம் தரும் அளவு பலனைத் தராது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவதாக, இழுக்க ஒரு கொக்கி. வண்டிக்கு அடியில் தெரியும் மெல்லிய வளையங்கள் பெரும்பாலும் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்குத்தான். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் கயிறு போட்டு, சிக்கிய வண்டியை ஒருபோதும் இழுக்காதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான்; கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்றிருக்கிறது. சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை பொறித்த கொக்கியும், கயிற்றை அதில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளும்தான் வேண்டும். இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் நிற்கட்டும்.

மூன்றாவதுதான் அடித்தகடு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் காக்க 3 மி.மீ. இரும்பு போதும். ஆயில் இறக்க ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டைக் கழற்றித் திட்டிக்கொண்டிருப்பீர்கள். காய்ந்த புல் தகட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே சேர்ந்தால் தீப்பிடிக்கும். பயணம் முடிந்ததும் குனிந்து கையை விட்டுத் துடைப்பது மகனின் வேலையாக இருக்கட்டும். குழாய் ஆறிய பிறகு.

கேள்வி: என் வண்டியில் 215/65 ஆர் 16 டயர். 225/75 போட்டால் அழகாக இருக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: அழகு இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். டயரின் அகலம் 215 மி.மீ. அதில் 65 சதவீதம் 140 மி.மீ., அதுதான் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் 280, 16 அங்குல ரிம் 406, ஆக உங்கள் டயர் 686 மி.மீ. உயரம். 225/75 இதே கணக்கில் 744 வருகிறது. 58 மி.மீ. கூடுகிறது, ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், 29. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 65-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். வண்டியின் இழுவை மந்தமாகும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உள் மட்கார்டில் உரசவும் கூடும்.

215/70 என்றால் 707 மி.மீ. உயர்வு 11 மி.மீ.தான், கேட்கவே சப்பென்று இருக்கிறது, தெரியும். ஆனால் வித்தியாசம் 3 சதவீதத்தை ஒட்டியே நிற்பதால் வண்டியில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. அதே அளவில், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் போடுங்கள். ஆல் வீல் டிரைவ் என்றால் நாலு சக்கரமும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று மிச்சம் பிடித்தால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்று நடுவில் இரண்டையும் இணைக்கும் கப்ளிங் சூடேறி வீணாகும். மாட்டிய பிறகு ஒரு பக்க முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் மெதுவாக ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். உரசினால் அங்கேயே சத்தம் வரும்.

கேள்வி: என் கணவர் வண்டியோடு வந்த ஜாக்கை மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் படுத்து வேலை பார்க்கிறார். சொன்னால் சிரிக்கிறார். எனக்குத்தான் பயம் அதிகமோ?

பதில்: இல்லை, அவருக்குத்தான் குறைவு. அந்த ஜாக் சக்கரம் மாற்ற மட்டுமே. கெட்டியான சமதளத் தரை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், கழற்றிய சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைப்பது. இத்தனையும் செய்து, வண்டியைத் தோளால் இரண்டு முறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் தலை உள்ளே போகலாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் முன்பக்க ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அவர் தொடவே கூடாது. அமுங்கிக் கிடக்கும் அந்த ஸ்பிரிங் விடுபட்டால் முகத்துக்கு நேராக வரும். அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். இந்தப் பக்கத்தை மடித்து அவருடைய கருவிப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள்.

கேள்வி: ஸ்நார்க்கல் போட்டுவிட்டால் பயமில்லாமல் ஆற்றைக் கடக்கலாம் இல்லையா?

பதில்: ஸ்நார்க்கல் என்பது உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய், இன்ஜின் மூச்சுவிட மட்டுமே. கதவு, ஒயரிங், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் எதுவும் அதனால் உயரவில்லை. தயாரிப்பாளர் புத்தகத்தில் போட்டிருக்கும் நீர் ஆழமே இப்போதும் எல்லை. நடந்து கடக்க நீங்கள் தயங்கும் வெள்ளத்தில் வண்டியையும் விடாதீர்கள்.

கேள்வி: நேற்றுத்தான் புது டயர்களை நானே மாட்டினேன். இன்று 80 கி.மீ. ஓட்டியதும் பின்பக்கம் லேசாக ஏதோ தட்டுகிறது. அடுத்த வாரம் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. இதைப் படிக்கும்போது வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே வீல் நட்டுகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்குங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கி.மீ.க்குள் ஒரு முறை மறுபடி இறுக்க வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நட்டு உட்காரும் ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் அந்த ரிம்மை மறுபடி மாட்டாதீர்கள். ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பட்டறைக்குப் போங்கள்.