கணுக்கால் புடைப்பு எந்த எலும்பு?

கேள்வி: கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு பாதத்தைச் சேர்ந்ததா?

பதில்: இல்லை, முழங்காலுக்குக் கீழே இறங்கிவரும் இரண்டு எலும்புகளின் நுனிகள் அவை. உள்பக்கத்தில் இருப்பது பருமனான எலும்பின் நுனி, வெளிப்பக்கத்தில் இருப்பது ஒல்லியான எலும்பின் நுனி. விரலால் தடவிப் பாருங்கள், வெளிப்பக்கத்தது சற்றுக் கீழே தட்டுப்படும். நடுவே பாதத்தின் மேல் எலும்பு கவ்வியில் மாட்டியதுபோல் உட்கார்ந்திருப்பதால்தான் பாதம் மேலும் கீழும் மடங்குகிறது.

அப்புறம், ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள்! ஆனால் விரல்களை இழுக்கும் பெரிய தசைகள் அங்கே இல்லை. கட்டைவிரலை மேலே தூக்கிப் பாருங்கள், பாதத்தின் மேல் ஒரு தசைநாண் கயிறுபோல் விறைத்து எழும், அதை இழுக்கிற தசையோ கணுக்காலுக்கு மேலே, காலின் முன்பக்கத்தில் இருக்கிறது. எனக்கு இது எப்போதும் வியப்புதான்.