மரச்சீனி சாப்பிடும் அப்பாவுக்குக் கால் முடங்குமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு, கப்பை) சாப்பிடும் அப்பாவுக்கு ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது, கிழங்கால் கால் முடங்கிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வீடியோவில் பார்த்துப் பயந்த ஆப்பிரிக்க நோயின் பெயர் கோன்சோ. உங்கள் அப்பாவுக்கு இருப்பது அதுவாகத் தெரியவில்லை. கோன்சோவில் இரண்டு காலும் சேர்ந்து திடீரென்று விறைத்துப்போகும். ராத்திரியில் உள்ளங்கால் எரிவது அதன் லட்சணம் அல்ல. 1981-ல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது அது பரவலாக வந்தது. வயலில் மிஞ்சியது சயனைடு விஷம் அதிகமுள்ள கசப்பு மரச்சீனி மட்டும். அதைச் சரியாக ஊறவைத்துக் காயவைக்கும்வரை பசி பொறுக்கவில்லை. வாரக்கணக்கில் மூன்று வேளையும் அதுதான். மீனோ பயறோ கண்ணில் படவில்லை.

புரதம் காப்பாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு காப்பாற்றும். கிழங்கிலிருந்து உடம்புக்குள் வரும் சயனைடோடு கல்லீரல் கந்தகத்தைச் சேர்த்து, தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. அந்தக் கந்தகம் மீன், முட்டை, பால் போன்றவற்றின் புரதத்திலிருந்து வருகிறது. கிழங்கிலோ 100 கிராமுக்கு ஒன்று, ஒன்றரை கிராம் புரதம்தான். திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் பரப்பிய பயிர் இது. நம் ஊரில் அதைச் சாளைக்கறியோடு (மத்தி மீன் குழம்பு) தின்று பழகியதில் விஷயம் இருக்கிறது. அம்மா இறந்தபின் உங்கள் அப்பா மீனை விட்டுவிட்டு, கிழங்கோடு காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) கட்டன் சாயாவுமாக (பால் சேர்க்காத டீ) ஓட்டுகிறார். இடிக்கிற இடம் அதுதான்.

அதற்காக புரோட்டீன் பவுடர் டின்னும், மெத்தியோனின் (கந்தகம் உள்ள புரதக் கூறு) மாத்திரையுமா? யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? 68 வயதுக்காரரின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பார்க்காமல் கரண்டி கரண்டியாகக் கலக்கிக் கொடுப்பது வைத்தியம் அல்ல. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார் என்று. எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். எடை குறைகிறது, பாதம் எரிகிறது, சிறுநீர் அடிக்கடி போகிறது என்றால் முதலில் சர்க்கரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வாரமே வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாத சராசரி, வைட்டமின் பி12, கிரியேட்டினின் பாருங்கள். மீனும் பாலும் இல்லாதவருக்கு பி12 குறைந்தாலும் கால் எரியும். இருமல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுங்கள். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்கிறதா, மலம் எண்ணெய்ப் பசையாகப் போகிறதா என்று அவரிடமே கேளுங்கள். ஆம் என்றால் கணையத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். கணையக் கல்லுக்குக் கப்பைதான் காரணம் என்று கேரளத்தில் ஒருகாலத்தில் சந்தேகித்தார்கள். கப்பையே தொடாதவர்களுக்கும் அது வருகிறது. மரபணுவுக்கும் பங்கு உண்டு.

மற்றதெல்லாம் விடுங்கள். கிழங்கால் வரும் வாய்வு ஒரு வியாதியே இல்லை. கிழங்கோடு இஞ்சி சேர்த்தால் விஷமாகிவிடும் என்று பயந்து இஞ்சியை ஒதுக்க வேண்டாம். கிழங்கு சரியாக வெந்ததா என்று பாருங்கள். தோல் சீவி, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிடச் சொல்லுங்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, தலைசுற்றல், மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் முட்டையும் பாலும் முறிமருந்து ஆகாது.

மீன் வேண்டாம் என்றே அப்பா பிடிவாதம் பிடித்தால் தயிர், சிறுபயறு, ஒரு முட்டை. ரிசல்ட் வந்ததும் அவர் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.