கடைக்கு வருபவர் கேட்பதும் கூகுளில் தட்டுவதும்: டெல்டா வியாபாரிகளுக்குப் பதில்கள்

இணையத்தில் பொருள் விற்கும் டெல்டாக்காரர்கள் கீவேர்ட் ரிசர்ச் பற்றி, அதாவது வாங்குபவர் எந்தச் சொற்களைத் தட்டித் தேடுகிறார் என்று கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் துறை கூகுள் தேடல். அதற்குள் நின்றுதான் பேசுவேன்.

நாச்சியார்கோவில், விளக்குப் பட்டறை: அக்கா, வெப்சைட் போட்டு ஒரு வருஷமாச்சு, ஒரு போன்கூட வரலை. கீவேர்ட் பார்க்காம எழுதினதுதான் காரணம்னு பையன் சொல்றான். அது அவ்வளவு முக்கியமா?

பையன் சொல்வது சரி. உங்கள் முகப்புத் தலைப்பு 'பாரம்பரியத்தின் ஒளி'. அதன் கீழே 'எமது தயாரிப்புகள்'. குத்துவிளக்கு என்ற சொல் நாலாவது பத்தியில்தான் வருகிறது. விளக்கு வாங்க நினைப்பவர் பாரம்பரியத்தின் ஒளி என்று தேட மாட்டார். பட்டறைக்கு நேரில் வருபவர் என்ன கேட்கிறார்? அஞ்சடி விளக்கு என்ன விலை, எத்தனை கிலோ வரும், உச்சியில் அன்னம் உண்டா, கல்யாணச் சீருக்கு எந்த அளவு எடுக்கலாம். போனில் தட்டுவதும் இதைத்தான்.

கூகுள் பெட்டியில் 'குத்துவிளக்கு' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே வந்து விழும் வரிகள் பிறர் தேடியதிலிருந்து வருபவை. ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தும் பாருங்கள். பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். அப்புறம் தேவைக்கு ஒரு பக்கம் போடுங்கள்: கோயிலுக்கு வாங்கித் தருபவருக்கு ஒன்று, சீருக்கு வாங்குபவருக்கு ஒன்று. விலை, எடை, உயரம், அனுப்பும் முறை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடத்தில், எத்தனை பேர் தொட்டார்கள் என்று அதில் தெரியும். முதல் பக்கத்தில் வந்தும் யாரும் தொடவில்லையென்றால், பெரும்பாலும் தலைப்பில்தான் கோளாறு. ஒரு சொல்லை மாதம் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானரும் இலவசம்தான். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு '100 முதல் 1,000' என்பது போல உத்தேசமாகத்தான் காட்டும். உங்களுக்கு அது போதும்.

கும்பகோணம், வெற்றிலை வியாபாரி: 200 கீவேர்டை மெட்டா டேகில் போட்டுத் தர ஒருத்தர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மெட்டா டேக் என்பது பக்கத்தின் கோடிங்கில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறிப்பு. தேடல் வரிசைக்கு அந்தக் கீவேர்ட் டேகைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. 'முதலிடம் கேரண்டி' என்பவரையும் நம்பாதீர்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

மயிலாடுதுறை: ஒரு பக்கத்தில் கீவேர்ட் எத்தனை தடவை வரணும்?

கணக்கு கிடையாது. தலைப்பில் வரட்டும், முதல் பத்தியில் வரட்டும், மற்றபடி பேச்சுப்போக்கில் வருகிற இடத்தில் வந்தால் சரி. வரிக்கு வரி திணித்தால் கூகுளின் ஸ்பேம் கொள்கைப்படி அது தவறு.

திருக்கடையூர், சமையல் கான்ட்ராக்டர்: 'திருக்கடையூர் கோயில்' என்றுதான் நிறையப் பேர் தேடுறாங்க. அதையே பிடிக்கட்டுமா?

வேண்டாம். அதைத் தட்டுபவருக்கு நடை திறக்கும் நேரமும் தல வரலாறும் வேண்டும். உங்களைத் தேடுவது அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வரும் பிள்ளைகள். 'திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம் செலவு' என்று தேடுபவர் குறைவுதான், ஆனால் அவர் தேதி குறித்துவிட்டுத் தேடுகிறார். 70க்குப் பீமரத சாந்தி, 80க்குச் சதாபிஷேகம். இரண்டுக்கும் தனிப் பக்கம் போடுங்கள்.

திருத்துறைப்பூண்டி, பாரம்பரிய அரிசி: கருப்புக் கவுனி விற்கிறேன். 'சர்க்கரை நோய் குணமாக' என்று தலைப்பு வெச்சா ஆர்டர் வரும் இல்லையா?

வைக்காதீர்கள். தனி அனுமதி இல்லாமல் ஓர் உணவு நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை தடை விதிக்கிறது. உடல்நலம் பற்றிய பக்கங்களைக் கூகுளும் கூடுதல் கண்டிப்போடுதான் பார்க்கிறது.

பாபநாசம், இன்னொரு அரிசிக்காரர்: எல்லாரும் போடுறாங்களே அக்கா. நாம விட்டா வியாபாரம் அவங்களுக்குப் போயிடும். மக்கள் தேடுறதை எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

தேடுவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றேன். தெரிந்த பிறகு பொய் சொல்லச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு 'சர்க்கரை நோய் குணமாக' என்று தட்டுபவர் யார் என்று யோசியுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர். அவர் உங்கள் பக்கத்தைப் படித்து மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? அந்த ஆர்டர் நமக்கு வேண்டவே வேண்டாம். மற்றவர் போடுகிறார் என்பது இதற்குப் பதில் ஆகாது.

திருத்துறைப்பூண்டி: அப்போ சர்க்கரைங்கிற சொல்லையே தொடக் கூடாதா?

தொடலாம். 'சர்க்கரை உள்ளவர்கள் கவுனி சாப்பிடலாமா' என்பது நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் எழுதுங்கள்: இதுவும் மாவுச்சத்துள்ள அரிசிதான், அளவு முக்கியம், தீட்டாததால் தவிடும் நார்ச்சத்தும் இருக்கின்றன, மாத்திரையை நிறுத்தக் கூடாது, எவ்வளவு சாப்பிடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கும்பகோணம், வாடகை கார்: நவகிரகக் கோயில் டூருக்கு எப்போ தேடுவாங்க?

பெயர்ச்சியை ஒட்டித் தேடல் ஏறும். குருவுக்கு ஆலங்குடி, சனிக்குத் திருநள்ளாறு, ராகு கேதுவுக்குத் திருநாகேஸ்வரமும் கீழப்பெரும்பள்ளமும். ஒரு சொல்லை எப்போது அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் பழைய வருடங்களின் வரைபடத்தைப் பாருங்கள், எந்த வாரம் ஏறுகிறது என்று தெரியும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பக்கம் ஏறியிருக்க வேண்டும். 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028இல். அதற்கான பக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

நாகப்பட்டினம்: கீவேர்ட் எத்தனை தடவை போடணும்?

மயிலாடுதுறைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை: இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு என்ன ஹேஷ்டேக்?

என் துறை இல்லை.

திருவாரூர்: எனக்கும் ஒருத்தர் முதலிடம் கேரண்டின்னு...

காசு கொடுக்காதீர்கள். எத்தனை பேர் வந்து கேட்டாலும் இதேதான் பதில்.

திருத்துறைப்பூண்டி: சரி அக்கா, அந்தத் தலைப்பை எடுத்துட்டேன். பதிலா என்ன எழுதட்டும்?

நல்லது. உங்களிடம் வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் போன் போட்டு என்ன கேட்பார்? எவ்வளவு நேரம் ஊறணும், எத்தனை விசில், ஊறின தண்ணி ஏன் இப்படிக் கருக்குது, சாயம் ஏத்தியிருக்கீங்களா. 'கருப்புக் கவுனி சமைப்பது எப்படி' என்று தலைப்பு வையுங்கள். இரவே ஊறவைக்க வேண்டும் என்பது முதல் வரி. அந்த நிறம் தவிட்டிலேயே உள்ள ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி என்பது இரண்டாவது. விசில் கணக்கை உங்கள் வீட்டுக் குக்கரில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.