1653 யூனைட்: முதலில் விளிம்பைப் பாருங்கள்

லண்டன் ஏலம் ஒன்றுக்கு வரும் 1653ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘யூனைட்’ என்ற தங்க நாணயத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அரசர் தலை இல்லை, ‘காட் வித் அஸ்’ (கடவுள் நம்மோடு) என்ற வாசகத்தில் ‘யூ’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ நிற்கிறது, வட்டமும் கோணல். போலியோ என்று பயம் அவருக்கு.

இந்த மூன்றுக்காகவும் பயப்பட வேண்டாம். 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்டபின் வந்த குடியரசு, நாணயத்திலிருந்து அரசரையும் லத்தீனையும் சேர்த்தே எடுத்துவிட்டது. ஒருபுறம் சிலுவைக் கேடயம். மறுபுறம் அதே சிலுவைக் கேடயமும் பக்கத்தில் அயர்லாந்தின் யாழ்க் கேடயமும். ‘யூ’வை ‘வி’யாகப் பொறிப்பது அக்கால வழக்கம். இது கையால், சுத்தியால் அடித்த காசு; கச்சிதமான வட்டமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எடை ஏறக்குறைய 9.1 கிராம், 22 காரட். நூலில் கட்டி, தராசின் மேலுள்ள தண்ணீர்க் கிண்ணத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண் சுமார் அரை கிராம் கூடும். தங்க முலாம் பூசிய வெள்ளி என்றால் 0.9 கிராமை நெருங்கும். எடை கொஞ்சம் குறைந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள். ஓரத்தை வெட்டித் தங்கம் திருடுவது அன்று சாதாரணம்.

நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். இத்தகைய காசுகளில் பல, பின்னாளில் வளையம் பற்றவைத்து நகையாகத் தொங்கியவை. வளையத்தை எடுத்த இடத்தில் அரம் ராவிய கோடுகளோ, வேறு நிறத்தில் பற்றவைத்த உலோகத் திட்டோ இருக்கும். லென்ஸ் வைத்து முழுச் சுற்றும் பாருங்கள். அந்தத் தழும்பு இருந்தால் விலை நன்றாகவே இறங்கும். ஆனால் ஏலப் புகைப்படத்தில் அது தெரியவே தெரியாது.

அப்புறம் அச்சுக்குறி, அதாவது நாணயச்சாலை பொறித்த சின்ன அடையாளம். 1657 வரை சூரியன், 1658 முதல் 1660 வரை நங்கூரம். நங்கூரம்தான் அரிது. உங்கள் 1653இல் சூரியன் இருக்க வேண்டும்; அரிய ஆண்டு என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள். இரண்டாம் சார்லஸ் ஆட்சிக்கு வந்ததும் குடியரசுக் காசுகளைத் திரும்பப் பெற்றதால் எந்த ஆண்டுக் காசும் மலிவில்லை, அது உண்மை. குடியரசின் தலைவராக இருந்த கிராம்வெல்லின் தலை பொறித்த 1656 ‘பிராட்’ என்ற தங்கக் காசு, இயந்திரத்தில் அடித்தது. அதன் விலையை இதோடு ஒப்பிடக் கூடாது.

சரி, வாங்கலாமா? விளிம்பின் நெருக்கப் படங்களையும், போலி என்று பிறகு தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் உறுதியையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் ஏலம் கேளுங்கள்.